வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி

ராமநாதபுரத்தில் இருந்து ராமேசுவரம் போகும் வழியில் உச்சிப்புளி இருக்கிறது. அதற்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஊர் புதுமடம்.

அந்தக் கடற்கரையில் நின்று ஒரு கை கடல் நீரை அள்ளிப் பாருங்கள். நீர் தெளிவாக இருக்கும். உப்பு கண்ணுக்குத் தெரியாது. நாக்கில் பட்டால்தான் கரிக்கும். அவ்வளவு உப்பும் தண்ணீரில் கரைந்து மறைந்து நிற்கிறது.

அதே உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து மண்ணெண்ணெயில் போட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் கலக்கினாலும் கரையாது. அடியில் போய் அப்படியே உட்கார்ந்து கொள்ளும்.

தண்ணீருக்கு இருக்கும் சக்தி மண்ணெண்ணெய்க்கு ஏன் இல்லை?

இது சின்னக் கேள்விபோலத் தோன்றும். ஆனால் உலகத்தின் பெரிய விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் மூளையைக் கசக்கிய விஷயம் இதில் அடங்கி இருக்கிறது. அப்படி ஆராய்ந்தவர்களில் ஒருவர் தமிழர். அதுவும் நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்.

அவர்தான் டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன்.

பிறந்த ஊர்

காரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்பது அவருடைய முழுப் பெயர். 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள ஊர் அது. அவர் பிறந்தபோது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அதில் சேர்ந்தது. 1985 வரை வத்திராயிருப்பும் புதுமடமும் ஒரே மாவட்டம். மலை அடிவாரம் ஒரு கோடி. கடற்கரை மறு கோடி. இப்பொழுது வத்திராயிருப்பு விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது.

கிருஷ்ணனின் தந்தை விவசாயி. தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். தந்தைக்கு இருந்த படிப்பு ஆசை மகனுக்கும் வந்தது.

உள்ளூரில் படித்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். சிறு வயதில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்தான் அவருக்கு அந்த ஆசையை ஊட்டினார். புகழ் பெற்ற பிறகும் கிருஷ்ணன் அந்த ஆசிரியரை மறக்கவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் பாடம்

பட்டம் பெற்றதும் அதே கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. ரசாயன வகுப்பில் மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டும் வேலை.

கிருஷ்ணன் அதோடு நிற்கவில்லை. மத்தியான இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். யாரும் வரலாம். என்ன சந்தேகம் வேண்டுமானாலும் கேட்கலாம். கணக்கு, ரசாயனம், பௌதிகம் எல்லாவற்றிலும் கேள்வி பறக்கும்.

இந்தச் செய்தி பரவியது. பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வந்து உட்காரத் தொடங்கினார்கள்.

ஆனால் கிருஷ்ணனின் மனம் வேறு இடத்தில் இருந்தது. கல்கத்தாவில் ஒரு தமிழர் விஞ்ஞான உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் சி.வி.ராமன்.

1920-ம் ஆண்டு கிருஷ்ணன் கல்கத்தாவுக்கு ரெயில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 21.

கடல் ஏன் நீலம்?

1921-ல் ராமன் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய் வந்தார். மத்தியதரைக் கடலின் நீல நிறம் அவர் மனதைக் கவர்ந்தது. வானத்தின் நிழல் விழுவதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று அதுவரை சொல்லி வந்தார்கள். அது மட்டும் காரணம் அல்ல. தண்ணீரே ஒளியைச் சிதற அடிக்கிறது என்று ராமன் காட்டினார்.

தண்ணீர் போலவே மற்ற திரவங்களும் ஒளியைச் சிதற அடிக்கின்றனவா? எவ்வளவு? இதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு கிருஷ்ணனிடம் வந்தது. 1923-ம் ஆண்டு முதல் அவர் ராமனின் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளரானார். கல்கத்தா பவ்பஜார் தெருவில் அந்தக் கூடம் இருந்தது.

அறுபதுக்கும் மேற்பட்ட திரவங்களை அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் தூசி இல்லாமல் சுத்தம் செய்தார். ஒரு தூசி இருந்தாலும் கணக்கு தவறிவிடும். நாட்கணக்கில் பொறுமையாக இந்த வேலையைச் செய்தார்.

இந்தச் சோதனைகளில் இருந்துதான் மூலக்கூறுகளின் உருவத்தைப் பற்றிய எண்ணம் அவர் மனதில் வேரூன்றியது.

இரண்டு முனை

எந்தப் பொருளும் மிக நுண்ணிய மூலக்கூறுகளால் ஆனது. ஒரு சொட்டுத் தண்ணீரில் கோடானு கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன.

ஒரு தண்ணீர் மூலக்கூறில் ஒரு பிராணவாயு அணு, இரண்டு ஹைட்ரஜன் அணு. மூன்றும் நேர்கோட்டில் நிற்பது இல்லை, வளைந்து நிற்கின்றன. அதனால் பிராணவாயு இருக்கும் பக்கம் எதிர் மின்சாரமும், ஹைட்ரஜன் இருக்கும் பக்கம் நேர் மின்சாரமும் சற்று ஓங்கி நிற்கின்றன. ஒரே மூலக்கூறுக்கு இரண்டு முனை. இதை ‘இருமுனை’ என்கிறார்கள்.

மண்ணெண்ணெய் மூலக்கூறுகளில் இப்படி ஓங்கிய முனைகள் இல்லை என்றே சொல்லலாம்.

இருமுனை என்ன செய்யும்? மறுபடி புதுமடம் கடற்கரைக்கு வாருங்கள்.

நங்கூரம் போட்ட படகுகளைப் பாருங்கள். ஒவ்வொரு படகுக்கும் முன்பக்கமாகிய அணியம் உண்டு. பின்பக்கமாகிய அமரம் உண்டு. காற்று இல்லாத நேரத்தில் ஒரு படகு கிழக்கே பார்க்கும். ஒன்று மேற்கே பார்க்கும். ஒழுங்கு இராது. காற்று வீசத் தொடங்கினால் எல்லாம் ஒரு பக்கமாக முகம் திரும்பும். அலை பலமாக இருந்தால் திரும்பிய முகம் மறுபடி கலையும்.

தண்ணீர் மூலக்கூறுகளும் அப்படித்தான். அவற்றுக்கு மின்சாரம்தான் காற்று. சூடுதான் அலை. பக்கத்தில் மின்சார சக்தி வந்தால் இருமுனைகள் அதன் பக்கம் சற்றுத் திரும்புகின்றன. சூடு அவற்றைக் கலைக்கிறது. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில், மின்சாரத்தின் பக்கம் கொஞ்சம் சாய்வு நிற்கும்.

இந்த உண்மையை 1912-ல் ஹாலந்து விஞ்ஞானி பீட்டர் டிபை எடுத்துச் சொன்னார். 1936-ம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

உப்பு கரைவது எப்படி?

உப்பில் இரண்டு வகை அணுக்கள். சோடியம் அணுவில் நேர் மின்சாரம். குளோரின் அணுவில் எதிர் மின்சாரம். இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் உப்புக்கல் கெட்டியாக இருக்கிறது.

தண்ணீரில் போட்டதும் இருமுனைகள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. சோடியத்தின் பக்கம் எதிர் முனையைக் காட்டுகின்றன. குளோரின் பக்கம் நேர் முனையைக் காட்டுகின்றன. இடையில் இத்தனை பேர் புகுந்ததால் இரண்டுக்கும் இருந்த பிடி தளர்கிறது. தண்ணீரில் அந்தப் பிடி சுமார் 80-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மண்ணெண்ணெயில் பாதிதான் குறையும். அது போதாது.

இதுதான் உப்பு கரையும் ரகசியம்.

இந்த 80 என்பது எப்போதும் ஒரே அளவு அல்ல. உறையும் நிலையில் உள்ள தண்ணீருக்கு 88. கொதிக்கும் தண்ணீருக்கு 56. சூடு ஏறினால் இருமுனைகளின் ஒழுங்கு கலைகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

உருண்டை அல்ல!

டிபை சொன்ன கணக்கு ஆவிக்கு நன்றாகப் பொருந்தியது. ஆவியில் மூலக்கூறுகள் தூரம் தூரமாக இருக்கின்றன. திரவத்தில் அப்படி அல்ல. நெருக்கியடித்துக்கொண்டு, ஒழுங்கு இல்லாமல் புரளுகின்றன. ஒரு மூலக்கூறை வெளியில் இருக்கும் மின்சாரம் மட்டும் இழுப்பது இல்லை. பக்கத்து மூலக்கூறுகளும் இழுக்கின்றன.

அக்கம்பக்கத்தார் இழுப்பை எப்படிக் கணக்கிடுவது? லாரன்ஸ் என்ற ஹாலந்து மேதை ஒரு கணக்கு தந்திருந்தார். எல்லாத் திசையிலும் இழுப்பு ஒன்றுபோல இருக்கும் என்பது அவர் முறை. மூலக்கூறு உருண்டையாக இருந்தால் அது சரி.

ஆனால் மூலக்கூறு உருண்டையா? பென்சீன் என்ற திரவத்தின் மூலக்கூறு அப்பளம்போலத் தட்டையானது. வேறு சில குச்சிபோல நீளமானவை.

தட்டையான பொருளுக்கு, முகத்துப் பக்கம் நிற்பவர் நெருங்கி வர முடியும். ஓரத்துப் பக்கம் நிற்பவர் அவ்வளவு நெருங்க முடியாது. ஆகவே இழுப்பும் திசைக்குத் திசை மாறத்தான் செய்யும்.

ராமனும் கிருஷ்ணனும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1927-ல் மின்சாரத்தின் நடுவே வைத்த வாயுக்களிலும் திரவங்களிலும் ஒளி எப்படிப் பிரிகிறது என்பதை மூலக்கூறின் இருமுனையோடும் உருவத்தோடும் சேர்த்து விளக்கினார்கள். 1928-ல் திரவங்களின் ஒளிக்குணங்களுக்கும் மின்குணங்களுக்கும் புதிய கொள்கை ஒன்றை எழுதினார்கள். லண்டன் ராயல் சொசைட்டியின் ஏடு அதை வெளியிட்டது.

மூலக்கூறின் உருவத்தையும், அதன் அண்டை அயலாரையும் பார்க்காமல் திரவத்தின் மின்குணத்தைச் சொல்ல முடியாது என்பதே அந்தக் கொள்கையின் சாரம். பின்னால் ஆன்சாகர் 1936-லும், கிர்க்வுட் 1939-லும் இருமுனைத் திரவங்களுக்கு இன்னும் திருத்தமான கணக்குகளைத் தந்தார்கள். அண்டை அயலாரைப் பார்க்க வேண்டும் என்பது நிலைத்துவிட்டது.

1928 பிப்ரவரி

இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் கிருஷ்ணன் கணக்கிலேயே மூழ்கி இருந்தார். சோதனைச் சாலைப் பக்கம் கை வைக்கவில்லை. இது ராமனுக்குச் சரியாகப் படவில்லை. விஞ்ஞானி சோதனையை விட்டு வெகுகாலம் விலகி இருக்கக்கூடாது என்று எடுத்துச் சொன்னார்.

கிருஷ்ணன் மறுபடி சோதனைக்கு வந்தார். அது 1928-ம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கம்.

சூரிய ஒளியைத் திரவத்தில் பாய்ச்சினார். சிதறி வரும் ஒளியைக் கண்ணாலேயே கூர்ந்து பார்த்தார். பாய்ச்சிய நிறம் ஒன்று; அதோடு வேறொரு நிறமும் மங்கலாக வந்தது. ஒரு திரவம் அல்ல, சுமார் 60 திரவங்களில் இதைக் கண்டார்கள். ஒவ்வொரு நாளும் நடந்ததைக் கிருஷ்ணன் டைரியில் குறித்து வைத்தார்.

பிப்ரவரி 28-ந் தேதி ராமன் விளைவு உறுதிப்பட்டது. அந்தத் தேதியைத்தான் இன்று தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி லண்டன் பத்திரிகைக்கு எழுதிய குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன.

1930-ல் நோபல் பரிசு வந்தது. ராமன் ஒருவருக்கே வந்தது.

கிருஷ்ணனுக்கும் அதில் பங்கு கொடுத்திருக்க வேண்டாமா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக அந்த ஆராய்ச்சிக்கு வழி காட்டியவர் ராமன். கண் வலிக்க அந்த ஒளியைப் பார்த்துப் பார்த்து உறுதி செய்தவர் கிருஷ்ணன். இரண்டும் உண்மை.

கிருஷ்ணன் தனக்குப் பங்கு வேண்டும் என்று ஊரறிய வழக்காடவில்லை. அந்தக் கண்டுபிடிப்பு நடந்த சில மாதங்களிலேயே டாக்கா பல்கலைக்கழகத்தில் வேலை ஏற்றுக்கொண்டு போய்விட்டார். அங்கே தனக்கென்று ஒரு புதுப் பாதையைப் போட்டார்.

நூலில் ஆடிய கல்

டாக்காவில் கிருஷ்ணன் காந்தத்தை எடுத்துக்கொண்டார். சிறு படிகக் கல்லை மெல்லிய இழையில் கட்டி, காந்தத்தின் நடுவே தொங்கவிடுவார். இழையை மெல்ல முறுக்குவார். ஓர் அளவுக்கு மேல் முறுக்கியதும் கல் சட்டென்று திரும்பும். எந்த முறுக்கில் திரும்பியது என்று பார்த்தால், கல்லின் காந்தக் குணம் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்துவிடும். அதில் இருந்து உள்ளே மூலக்கூறுகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்று ஊகிக்கலாம்.

பெரிய யந்திரம் இல்லை. கல், இழை, காந்தம், பொறுமை. இவ்வளவுதான். உலக நாடுகளின் விஞ்ஞானிகள் இந்த முறையைப் பாராட்டினார்கள்.

1933-ல் மறுபடி கல்கத்தாவுக்கு வந்து பேராசிரியர் ஆனார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ராமானுஜன், ராமன் ஆகிய தமிழர்களுக்குக் கிடைத்த அதே கௌரவம் இது. 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் ஆனார். 1946-ல் ‘சர்’ பட்டம் வந்தது.

உருகிய உலோகம்

அலகாபாத்தில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வியும் ஒழுங்கு இல்லாத பொருளைப் பற்றியதுதான்.

கெட்டியான உலோகத்தில் அணுக்கள் நாற்று நட்ட வயல்போல வரிசையாக நிற்கின்றன. எலெக்ட்ரான்கள் அந்த வரிசைகளின் ஊடே சுலபமாக ஓடும். அதுதான் மின்சார ஓட்டம். உலோகம் உருகினால் வரிசை கலைந்துவிடும். எலெக்ட்ரான்கள் அங்கும் இங்கும் சிதறும். மின்சாரத்துக்குத் தடை கூடும். சோடியம் உருகும்போது தடை சுமார் ஒன்றரை மடங்கு ஆகிறது.

கலைந்த கூட்டத்தைக் கணக்கில் பிடிப்பது எப்படி? கிருஷ்ணனும் அவருடைய மாணவர் பாட்டியாவும் 1945-ல் வழி சொன்னார்கள். உருகிய உலோகத்தில் எக்ஸ்ரே எப்படிச் சிதறுகிறது என்று பார். அதில் இருந்து அணுக்களின் அமைப்பு தெரியும். அதை வைத்தே எலெக்ட்ரான் எவ்வளவு சிதறும் என்று கணக்கிடலாம். இதுதான் அவர்கள் வழி. 1961-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஜைமன் உருகிய உலோகங்களுக்கு விரிவான கொள்கை தந்தார். அந்த வழியில் முன்பே நடந்தவர்கள் இந்த இருவரும்.

டெல்லியில்

நாடு சுதந்திரம் அடைந்த நேரம். இந்தியாவுக்குப் பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள் வேண்டும் என்று நேரு விரும்பினார். 1947-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி டெல்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் டைரக்டர் கிருஷ்ணன். 1950-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி சர்தார் பட்டேல் அதைத் திறந்து வைத்தார்.

நாட்டில் மீட்டர், கிலோகிராம் முதலிய அளவுகளுக்கு ஆதாரமான அளவைக் காத்து வருவது இந்தக் கூடம்தான். 1948-ல் அணுசக்தி கமிஷன் அமைந்தபோது, பாபா, பட்நாகர் ஆகியோரோடு கிருஷ்ணனும் உறுப்பினரானார்.

நிர்வாக வேலை தலைக்கு மேல் இருந்தது. அப்படியும் ஆராய்ச்சியை விடவில்லை. கம்பியைச் சூடாக்கினால் எலெக்ட்ரான் எப்படி வெளியேறுகிறது என்பதை மாணவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார்.

1954-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1958-ல் பட்நாகர் பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டது. அதை முதன் முதலில் பெற்றவரும் அவர்தான்.

பெரிய பதவி வந்த பிறகும் எளிமை மாறவில்லை. தமிழ் இலக்கியத்திலும் சமஸ்கிருதத்திலும் ஈடுபாடு கொண்டிருந்தார். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று நம்பினார். தமிழில் கட்டுரைகள் எழுதியும் காட்டினார்.

1961-ம் ஆண்டு ஜூன் மாதம் டெல்லியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

இன்றும் வாழ்கிறது

இருமுனைகள் இன்று நம் வீட்டுக்குள்ளேயே வேலை செய்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாவது, சோற்றில் இருக்கும் தண்ணீர் இருமுனைகள் இப்படியும் அப்படியும் திரும்புவதால்தான். பல டெலிவிஷன் திரைகளில் படம் தெரிவது, நீண்ட மூலக்கூறுகள் மின்சாரத்துக்குத் தக்கபடி முகம் திரும்புவதால்தான்.

டெல்லியில் அந்த ஆராய்ச்சிக் கூடம் இருக்கும் சாலைக்கு கே.எஸ்.கிருஷ்ணன் சாலை என்று பெயர். தினமும் ஆயிரக்கணக்கானோர் அந்த வழியே போகிறார்கள். வத்திராயிருப்பு விவசாயி ஒருவரின் மகன் பெயர் அது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கூட்டத்தில் ஒரு மூலக்கூறு திரும்பினால் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கோடானு கோடி சேர்ந்து சற்றே திரும்புவதால்தான் கடலில் உப்பு கரைந்து நிற்கிறது. பெயர் வெளியில் தெரியாமல் நடக்கும் வேலைக்கும் அப்படி ஒரு பலம் உண்டு. கிருஷ்ணனின் வாழ்க்கையும் அதைத்தான் சொல்கிறது.

அடுத்த முறை சோற்றுக்கு உப்புப் போடும்போது, அது கரைவதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஏன் கரைகிறது என்று அவர்கள் கேட்டால், நம் ஊர்ப்பக்கத்து விஞ்ஞானியின் கதையைச் சொல்லுங்கள்.